துறைமுகத்துல என்னதான் நடந்துச்சு

பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரே ஒரு காலனி, காலனிக்கு ஒரே ஒரு ஹால், ஹாலில் மாசத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு சினிமா. இந்த ஞாயிறு பிரிட்டிஷ்காரர்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அது முடிந்து, கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்த பிறகும் சரோஜம்மாளின் வாய் மட்டும் ஓயவில்லை. கேட்க மிச்சமிருந்தவள், படத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த கெசியா ஒருத்திதான். அவள் புரொஜக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“...இல்ல, தெரியாமதான் கேக்கறன், இப்பிடியா படம் பாப்பாங்க? அந்த சிவராஜ் கம்பெனியில ஏ ஷிப்ட் முடிச்சிட்டு யூனிஃபார்மோட வந்தான், உக்காந்ததும் கொறட்ட! சுமலதா அவ மாமியாருக்குக் கன்னடத்துல கத சொல்றா, பின்னாடி சென்னகிருஷ்ணன் தெலுங்குல சொல்றாரு. எனக்கு ரெண்டும் புரிஞ்சி தொலைக்குது! ரெண்டும் வேற வேற கத, கண்ணு. இதுல நான் எதப் பாக்கறது?

“அத வுடு. இந்த வெங்கட்டு... காலனி சங்கத்துக்கு செக்ரட்ரின்னா பெரிய இவனா? ‘குடும்பத்தோட பாக்கற படமா இது? அடுத்த மாசத்துலருந்து ஹாலு ஜும்பா டான்ஸ் கிளாஸுக்கு’ன்னுட்டுப் போறான். ஜும்பாவாம்! எனக்கு மாசத்துல இந்த ஒரு சாயங்காலந்தான் கண்ணு. மத்த நாளெல்லாம் மருமவ டூட்டிக்குப் போயிடறா, பேரன் என் இடுப்புலதான்... அதுவும் போச்சுன்னா நான் எங்க போயி உக்கார்றது, சொல்லு?

“நல்லாத்தான போச்சி படம்? பாவம் அந்தம்மா, புருசன் செத்து, ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு, கடலோரமா டீக்கட நடத்துது. கப்பல்காரன் வந்து கூப்புடறான். போவுமா, போவாதா? அதான கத! கடைசியில அவ புள்ளைங்கள வுட்டுட்டு அவன்கூடப் போயிட்டான்னதும் வெங்கட்டுக்குக் கோவம் வந்துடுச்சி...

“என்னா அப்பிடிப் பாக்கற? அவ போயிட்டான்னு யாரு சொன்னதுன்னா கேக்கற? ...நாந்தான் சொன்னன். பின்ன? எல்லாரும் என் மூஞ்சியவே பாத்து ‘என்னாச்சி, என்னாச்சி’ன்றாங்கோ! ஏன்னா... தட்டப் புடிச்சிருந்தது நாந்தான.

“தட்டுன்னா டீத்தட்டு, கண்ணு. நீ அப்ப வெளிய போயிருந்த, நான் புரொஜக்டர் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தன். துறைமுகத்துல ரெண்டு பேரும் நிக்கறாங்கோ. அவன் மெதுவாக் குனியறான். சின்னப் புள்ளைங்க பாக்குதுங்களே! டக்குனு தட்ட லென்ஸுக்கு முன்னாடி வெச்சிட்டன். எங்க வீட்டுக்காரரு இப்பிடி சீன் வந்தா எழுந்து டிவிக்கு முன்னாடியே நிப்பாரு, அந்தப் பழக்கம். தட்ட எடுத்துப் பாத்தா படமே முடிஞ்சிடுச்சி! அவ்ளோ நேரமா மூடியிருந்தன்? வெக்கத்துல என் கண்ணயும் சேத்து மூடிட்டன் போல...”

கெசியா வயரைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து கடைசி இரண்டு நிமிஷத்தை ஓடவிட்டாள். கப்பல்காரன் குனிந்தான். கீழே விழுந்திருந்த அவளுடைய கையுறையை எடுத்துக் கொடுத்தான். கைகுலுக்கினான். கப்பல் ஏறிப் போனான்.

“...அவ்ளோதானா? கையக் குடுத்துட்டுப் போயிட்டானா? இதுக்கா நான்... அய்யோ, அவ வீட்டுக்குப் போறா பாரு கண்ணு! புள்ளைங்க கதவத் தொறக்குதுங்க பாரு! அடிப்பாவி, நான் அவள ஓட வுட்டுட்டனே!”

கெசியா லேப்டாப்பை மூடி சரோஜம்மாளின் கையில் கொடுத்தாள். வெங்கட் வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். பிறகு புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு தன் வழியில் நடந்தாள்.

“ஏ கெசியா... நீயும் வா கண்ணு! நான் தனியாப் போயி அவன்கிட்ட என்னான்னு சொல்லுவன்? கெசியா... ம்ஹும். திரும்பிக்கூடப் பாக்காமப் போவுது பாரு.”

சரோஜம்மாள் ஃபேனை நிறுத்தினாள். கதவைப் பூட்டி, லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கினாள். வெங்கட் வீட்டுக்கு இன்னும் மூன்று வீடு இருக்கும்போதே குரல் கிளம்பிவிட்டது.

“வெங்கட்டு! ஏ வெங்கட்டு! அவ போவலடா! புள்ளைங்களோட வீட்டுலதான்டா இருக்கா! பொய் சொன்னது நாந்தான், வெளிய வா!”