கை நீட்டுனா நிக்கிற லாரி

கண்ணுல மாட்டி ரோட்டுப் படம் காட்டுற அந்த வி.ஆர். பெட்டிய இனி ஒரு பிள்ளைக்கும் மாட்டாதீக டீச்சரம்மா. வரிசையில நிக்கிறதுக நிக்கட்டும். மொதல்ல எனக்கு மாட்டிவிடுங்க. ஆமா, எனக்குத்தான். சத்தம் போடாம வேற என்ன செய்யச் சொல்றீக?

நான் சுந்தரபாண்டி. ஏழாப்பு முனீஸ்வரிக்கு அப்பன். பத்து நாளா அவ பள்ளிக்கூடம் வல்லையே, ஏன்னு ஒரு வார்த்த கேட்டீகளா? தொடையில கம்பி வச்சு மதுர ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கா. பரளச்சி ரோடு பிரியிற விலக்குல சைக்கிள்ல திரும்புறப்ப டிப்பர் லாரி அடிச்சிருச்சு. அதுக்கு மொத நாளுதான் ஒங்ககிட்ட இத மாட்டி, ரோட்டுல எப்படிப் போகணும்னு படிச்சிட்டு வந்தா.

ம், ரொம்ப இறுக்காதீக. அடேயப்பா, நெச ரோடு மாதிரியே இருக்கே. எங்கிட்டுத் திரும்பணும்? வலது பக்கமா? கைய நீட்டிட்டேன். பின்னால லாரி வருது... நின்னுருச்சு. இன்னொருக்கா போடுங்க. இப்பத் திரும்பிப் பாக்காமயே நீட்டுறேன். அட, அப்பயும் நிக்குதே! பின்னால பாக்கணும்னு நீங்க சொல்லித்தான் குடுப்பீக, சரி. நான் பாக்கலையே? பெறகு எதுக்கு நிக்குது? இந்த லாரிய எவன் ஓட்டுறான்?

நான் பதினெட்டு வருசமா இந்த ரோட்டுல ஜல்லி லோடு அடிக்கிறவன். லோடு வண்டி பிரேக்க மிதிச்ச எடத்துல நிக்காது தாயி, இழுத்துக்கிட்டுப் போயித்தான் நிக்கும். நிக்காத லாரி ஒண்ண இதுக்குள்ள வைங்க. பிள்ளைக பயந்து அழுதா இங்கன ஒக்காந்து அழட்டும், ஒண்ணும் கொறஞ்சு போகாது. அது வைக்கிற வரைக்கும் யாருக்கும் மாட்ட விடமாட்டேன், ஆமா.

கழட்டுங்க, வேர்த்து ஊத்துது.

என்ன, டிரைவரப் பிடிச்சாச்சான்னா? அவன் எங்க ஓடுனான், பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குல்ல ஓடுனான். கேசு எழுதியாச்சு, லைசென்ச வாங்கி வச்சுக்கிட்டாக. நான்தான் அது. முன்னால சைக்கிள்ல போறது எம் பிள்ளையாச்சேன்னு சந்தோசத்துல ஆரன் அடிச்சேன்.

முந்தாநாத்துத்தான் அவகிட்ட கேட்டேன். ஏத்தா, பெட்டியில நின்ன மாதிரி லாரி நின்னுரும்னு நெனச்சியான்னு. இல்லப்பா, ஒன் ஆரன் சத்தம் கேட்டுச்சு, அப்பாதான வருது, நிக்கும்னு திரும்பிட்டேன்னு சொல்றா.