கொசு சொன்னால் கேட்கிறார்கள்

ஏரலிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவரின் இடது கால் முழங்கால்வரை வீங்கித் தடித்திருந்தது. அவர் சொன்ன ஒரு பேச்சில்தான் ஜன்னலை விட்டுத் திரும்பினேன்.

"ஏளா, எங்க வீட்டுக் கொசு ஐஸ் பெட்டில ஏறி, ஏசி காருல போச்சு."

"கொசுவா? எதுக்குக்கா?"

"பரிசோதனைக்கு. சுகாதாரத் துறைல இருந்து ரெண்டு பிள்ளைய குழாயோட வந்து, பீரோவுக்குப் பின்னால இருந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தாவ. அதை அரைச்சு, உள்ள யானைக்கால் புழுவோட டிஎன்ஏ இருக்கான்னு பாப்பாவளாம்."

"இருந்துச்சா?"

"இருந்துச்சாம். உடனே டாக்டர் வாராரு, நர்சு வாராவ, தெருவுக்கே ரத்தம் எடுக்காவ. நாலு வருசமா இந்தக் காலை இழுத்துக்கிட்டு நான் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நடக்கதைக் குறைங்கன்னு சொல்லி அனுப்புனாவ. நான் வெறும் மனுசிதானே, என் பேச்சு எடுபடுமா? கொசு சொன்னாத்தான் கேக்காவ."

இளையவர் சிரித்துவிட்டார். "அப்ப உங்க காலும் சரியாயிருமாக்கா?"

"இது இனி இப்படித்தானாம். தினமும் கழுவி சுத்தமா வச்சுக்கிடணுமாம். என் மவ ரத்தத்துலயும் புழு இருந்துச்சு. அவளுக்கு இன்னும் வீங்கல. அதுக்குள்ள மாத்திரை குடுத்துட்டாவ."

இளையவரின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கேட்டார்: "இப்ப எங்கக்கா போறிய?"

"மவளுக்குச் செருப்பு வாங்க," என்றார் மூத்தவர். "ரெண்டு காலுக்கும் ஒரே அளவுல."