இரண்டு துவக்குகள், பத்துப் போத்தல்கள்

என்னுடைய அளவுமானி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது. டண்டினொங்கில் உள்ள தொழிற்சாலையொன்றில் நான் பதினெட்டு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகன். குளிரில் கிடந்த கருவியை எடுத்த கையோடு அளக்கிற ஆள் அல்ல. ஆகையால், என் நண்பன் டெஸ்மன்டின் வழக்கறிஞர் காட்டிய உங்கள் பொலிஸ் அறிக்கையில் ‘கருவி பிழையாக இருந்திருக்கலாம்’ என்றொரு வரியைப் படித்தபோது, அதைத் திருத்திவிட வேண்டும் என்று பட்டது. நீங்கள் அழைக்காமலே நான் இங்கு வந்ததற்கு வேறு காரணம் இல்லை. என் தமிழை உங்களுக்கு மொழிபெயர்க்கும் இந்தத் தங்கைக்காக மெதுவாகவே சொல்கிறேன்.

முதலில் துவக்குகள். டெஸ்மன்டினுடையது ஐரோப்பியத் தோட்டாவுக்கானது. குண்டின் விட்டம் ஒன்பது தசம் மூன்று மில்லிமீற்றர். என்னுடையது அமெரிக்கத் தோட்டாவுக்கானது. ஒன்பது தசம் ஒன்று. மரை போன்ற பெரிய மான்களுக்கு ஏற்ற நடுத்தரக் குழல்கள் இரண்டும். வித்தியாசம் மூன்று தலைமயிர்த் தடிப்பு. நூறு மீற்றரில் நாங்கள் சுட்ட குறி அட்டைகளைக் கலந்து வைத்தால் எது யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. இருந்தும் நான்கு வருடங்களாக, மாதம் ஒரு ஞாயிறு, சுடுதளத்தில் இதைப் பற்றியே தர்க்கித்தோம்.

“அண்ணை, உங்கட துவக்கு கழுதை மாதிரி உதைக்குது. என்ரது பச்சைப்பிள்ளை” என்பான் டெஸ்மன்ட்.

“பிள்ளை இண்டைக்கு அட்டையின்ர விளிம்பிலயெல்லோ விளையாடுது” என்பேன்.

சுடுதளத்துக்குப் பொறுப்பான எறிக் அங்கிள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். “ஒரே சட்டையை ரெண்டு கடையில வாங்கிப்போட்டு எது வடிவெண்டு அடிபடுறியள். சிறி, உனக்கு நேரத்துக்குக் கலியாணம் கட்டிவைக்காத வினை இது.”

கிப்ஸ்லாந்து மலையில் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. பதிவுக்காக மறுபடி சொல்கிறேன். டெஸ்மன்டின் தங்கை ஜெசிக்காவின் கணவன் நிஷான் துவக்கைத் தொடாதவன். படம் எடுப்பதற்காக எங்களோடு வந்திருந்தான். விடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும், பனிமூட்டம். அவன் கூடாரத்தில் இருக்கிறான் என்று நாங்கள் நினைத்திருக்க, அவனோ வெறும் நீலப் போத்தலை முதுகில் கொழுவிக்கொண்டு தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கியிருந்தான். எண்பது மீற்றரில் பன்னப்புதர் அசைந்தது. இருவரும் ஒரே கணத்தில் சுட்டோம். ஒரு குண்டு போத்தலையும் அவனையும் துளைத்துக்கொண்டு போனது. மற்றது எங்கோ மண்ணுக்குள் போனது. இரண்டும் கிடைக்கவில்லை. போத்தலின் துளை ஓரம் கிழிந்திருந்ததால், எந்தத் துவக்கு என்று சொல்ல முடியாது என உங்கள் நிபுணர்கள் எழுதினார்கள். வழக்கில்லை. பதினான்கு மாதங்களின் பின் துவக்குகளையும் திருப்பித் தந்தீர்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தன் மல்கிரேவ் வீட்டில் ஜெசிக்கா எங்கள் இருவரையும் கதிரைகளில் இருத்திச் சொன்னாள். “உங்கள் ரெண்டு பேரில ஒராள். ஆரெண்டு தெரியாதவரைக்கும் ரெண்டு பேரும் வாங்கோ, தேத்தண்ணி தாறன். தெரிஞ்ச அண்டையோட அவருக்கு இந்த வீட்டுக் கதவு இல்லை. அண்ணா எண்டாலும் இல்லை.”

நான் அந்தத் தேநீரைக் குடிக்கப் பழகிக்கொண்டேன். டெஸ்மன்டால் முடியவில்லை. துவக்குகள் திரும்பி வந்த கிழமை அவன் என்னிடம் வந்தான்.

“தொண்டையால இறங்குதில்லை அண்ணை. இதுகளை விக்கமுன்னம் ஒருக்கா அளந்து பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் அளந்தாப் பிழைக்காது.”

நிஷான் வைத்திருந்த அதே வகை அலுமினியப் போத்தல்கள் பத்தை அவன் ஏற்கெனவே வாங்கியிருந்தான். நிஷானின் போத்தலையும் தங்கையிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். ஐந்தின் அடியில் தன் பெயருக்கு டி என்றும், ஐந்தின் அடியில் எனக்கு எஸ் என்றும் அவனே எழுதினான். எழுத்துகள் சரியானவை, நான் பார்த்தேன்.

எண்பது மீற்றரில் வைத்து ஆளுக்கு ஐந்தைச் சுட்டோம். துவக்குகளைத் திறந்து வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வரச்சொன்ன எறிக் அங்கிள், அன்று ஒரு பகிடியும் விடவில்லை. பிறகு கொட்டகைக்குள் இருந்து ஒவ்வொரு துளையையும் மூன்றுதரம் அளந்தேன். ஒரு துளை எதையும் சொல்லாது. பத்துத் துளைகள் சொல்லும். என் ஐந்தும் ஒன்பது தசம் இரண்டைச் சுற்றி நின்றன, அவனுடைய ஐந்தும் ஒன்பது தசம் நான்கைச் சுற்றி. ஒரு கூட்டம் மற்றதைத் தொடவே இல்லை. அவ்வளவு தெளிவான முடிவு என் தொழிலில் அபூர்வம். நிஷானின் போத்தல் ஒன்பது தசம் இரண்டு ஒன்று.

டெஸ்மன்டால் துளைகளைப் பார்க்க முடியவில்லை. முதுகைக் காட்டி நின்றபடி, நான் சொல்லச் சொல்ல எழுதினான். எண்களில் நான் பொய் சொல்லவில்லை. எஸ் என்று சொல்லவேண்டிய இடத்தில் டி என்றும், டி என்று சொல்லவேண்டிய இடத்தில் எஸ் என்றும் சொன்னேன். பெரிய குண்டு தன்னுடையது என்பது அவனுக்கும் தெரியும், ஆனால் அவன் எண்களை யோசிக்கவில்லை, என்னை நம்பினான். உங்கள் நிபுணர் கண்ட முரண்பாடு அவ்வளவுதான். கருவியில் ஒரு குறையும் இல்லை.

“அப்ப நான்தான்” என்றான்.

“ஓம்.”

“வடிவாப் பாத்தனீங்களோ அண்ணை?”

“மூண்டுதரம்.”

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “இனி நித்திரையாவது வரும். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்” என்றான்.

நான் இதை ஆலோசித்தே செய்தேன். அவன் கேட்டது ஒரு முடிவை, அதைக் கொடுத்தேன். ஜெசிக்கா துக்கத்தில் சொன்ன சொல்லை நான் பெரிதாக எடுக்கவில்லை. கூடப்பிறந்தவனை ஒருத்தி என்றைக்கும் வெளியே நிறுத்தமாட்டாள், என்னை நிறுத்துவாள் என்று கணித்தேன். அந்தக் கணிப்பு மட்டும் பிழைத்தது. அன்று பின்னேரமே அவன் போய்ச் சொன்னான். அவள் அவனுடைய கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த கிழமை அந்தத் தாளோடும் போத்தல்களோடும் அவன் உங்களிடம் வந்து, கொன்றவன் தானே என்று கையெழுத்திட்டான். இப்போது உங்கள் காவலில் சாப்பிட மறுக்கிறான் என்று அறிகிறேன்.

எழுத்துகள் மாறியிருப்பதை நீங்கள் காட்டியபோது அவன் சொன்னதையும் வழக்கறிஞர் சொன்னார். “சிறி அண்ணையின்ர அளவு பிழைக்காது. நான்தான் போத்தலில எழுத்தை மாத்தி எழுதியிருப்பன்.” இந்த வாக்குமூலத்தையும் அவனிடம் வாசித்துக் காட்டுவீர்கள். தன்னைக் காப்பாற்ற அண்ணை பொய் சொல்கிறார் என்பான். ஜெசிக்காவும் அப்படியே நம்புவாள். நீங்கள் அவனை விடுவிக்கலாம். அவன் வெளியே வரமாட்டான்.

கொட்டகையில் அளந்த பின்தான் எனக்குத் தெரிந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. விசையை இழுக்கும்போதே தொலைநோக்கியில் நீலம் தெரிந்தது. நீல நிறத்தில் மரை இல்லை என்பதை நான் அறிவேன். விரல் நிற்க நேரம் இருந்ததா என்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ஜெசிக்காவைச் சந்தைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். அவளுடைய ஆறு வயது மகள் டிலக்சி முன்பு என்னை அங்கிள் என்று கூப்பிட்டவள். டெஸ்மன்ட் வராமல் போனதிலிருந்து மாமா என்கிறாள். ஆனந்தமாக இருக்கிறேன் என்று நீங்கள் எழுதவேண்டாம், அப்படி இல்லை. அந்த வீட்டுக்கு எங்கள் இருவரில் ஒருவராவது மிஞ்சவேண்டும் என்பதற்காகவே எழுத்துகளை மாற்றிச் சொன்னேன். மிஞ்சியவன் நானாக இருந்தது தற்செயல்.