கயிறு பிடித்தவன்

சாயாவுக்கு நன்றி, சார். இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் இந்த மழைக்கு நன்றாக இருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் பெயர் ராமர். சங்கரன்கோவில் பக்கம். அறுபத்தொன்பதில் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். வீட்டுக்கும் கிடங்குக்கும் ஆபத்தாக நிற்கும் மரங்களை இறக்கிக் கொடுப்பது என் தொழில். மூன்றே பேர்: நான், மரம் ஏறும் நாணு, இறங்கியதைத் துண்டு போடும் ராசப்பன்.

இந்த ஊரில் மரத்தை அடியோடு வெட்டிச் சாய்க்க இடமில்லை. நாலு பக்கமும் ஓட்டுக் கூரை. மேலிருந்து கிளை கிளையாகத்தான் இறக்க வேண்டும். ஏறுகிறவன் தன் இடுப்பை மரத்தோடு கட்டிக்கொண்டு, அறுக்கப்போகும் கிளையில் வடத்தைக் கட்டுவான். வடம் உச்சியில் ஒரு கவட்டையைத் தாண்டிக் கீழே வரும். கீழே நிற்பவன் அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பான். மேலிருந்து "விடு" என்று குரல் வந்ததும் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் கிளை, ஏறியவனின் காலுக்குக் கீழே இறங்கிவிடும். தளர்த்தாவிட்டால் ஊஞ்சல் போல ஆடி அவன் மேலேயே வரும்.

முன்பு நானும் ஏறுகிறவன்தான். எழுபத்தொன்பதில் கலூரில் ஒரு தூங்குமூஞ்சி மரம். நாற்பதடி உயரத்தில், காரணமே இல்லாமல், கைகால் விறைத்துப்போயின. தரை என்னை நோக்கி எழும்பி வருவதுபோல் இருந்தது. கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். கால்சட்டை நனைந்துவிட்டது. ராசப்பன் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. நாணுதான் ஏறி வந்து என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

"பேடிக்கண்டா, பயப்படாத அண்ணாச்சி. கண்ண மூடிக்கோ. நான் உண்டு" என்றான்.

இறங்கியதும் ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் ஊற்றினான். கால்சட்டை நனைந்தது எதனால் என்று யாருக்கும் தெரியக்கூடாதே, அதற்காக.

அதன்பிறகு முதுகுவலி என்று சொல்லி நான் கயிறு பிடிக்க வந்துவிட்டேன். நாணு ஏன் என்று கேட்கவில்லை. அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை, கேலியாகக்கூட. வாயாடிக்கு நான் பயந்ததில்லை, சார். வாய் திறக்காதவன் என்றைக்குத் திறப்பான், யாரிடம் திறப்பான் என்று எப்படித் தெரியும்? சாயாக்கடையில் நாலு பேர் சிரித்தால் குடித்ததைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். தூக்கத்தில் விறைத்துக் கிடக்கிறேன் என்று என் மனைவி மாயம்மாள் சொன்னாள். காலையில் நாணுவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்க்கும். இரண்டு வருடம் அப்படியே போனது.

போன வருடம் ஜூன் மாதம், ஜூ டவுன் பக்கம் ஒரு மிளகுக் கிடங்கின் முற்றத்தில் மாமரம். காலை பத்து மணி. ராசப்பன் தெருவில் நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தான். நாணு ஏறினான், கட்டினான், அறுத்தான். கிளை பாதி முறிந்து மெல்லச் சாய்ந்தது.

"விடு" என்றான்.

நான் விடவில்லை.

"அண்ணாச்சி, விடு."

இரண்டாவது தடவை அவன் குரல் நடுங்கியது. கலூரில் என் குரலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நடுக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இருந்ததை இருந்தது என்றுதானே சொல்ல வேண்டும்.

கிளை பிய்த்துக்கொண்டு வந்து அவன் நெஞ்சில் இடித்தது. இடுப்பில் கட்டு இருந்ததால் அவனால் விலக முடியவில்லை, விழவும் முடியவில்லை. அவன் உடலைக் கீழே இறக்க ஒரு மணி நேரம் ஆனது.

வடம் சிக்கிக்கொண்டது என்றேன். என் கை உரிந்து ரத்தம் வந்ததைப் பார்த்து, நான் கடைசிவரை போராடினேன் என்று ராசப்பனே ஊரெல்லாம் சொன்னான்.

பதினாறாம் நாள் நாணுவின் மனைவி மீனாக்ஷி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கலூர் மரத்துல அவருக்குத் தலை சுத்தினப்போ, அண்ணாச்சிதானே முதுகுல கட்டி எறக்கினது? எப்பவும் சொல்லிட்டே இருப்பார். இந்தத் தடவ உங்களால முடியாமப் போச்சு, அவ்வளவுதான்."

அப்படித்தான் வீட்டில் சொல்லியிருக்கிறான். நான் தலையை ஆட்டினேன்.

அதோடு போயிருக்கும். இன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மீனாக்ஷி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டாள்.

"கலூருக்குப் பிறகு அண்ணாச்சி ஏன் மரத்துல கேறவே இல்ல?"

சும்மா கேட்டதுதான். ஆனால் என் உள்ளங்கை வேர்த்தது. கிணற்றின் சுவர் அவள் முழங்கால் உயரம்தான். முற்றத்தில் வேறு யாரும் இல்லை. இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருப்பதை நானே கவனித்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் இங்கே ஸ்டேஷனுக்கு நடந்து வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். நாணுவைக் கொன்றது நான்தான். ஆனால் கலூர் கதையை வீட்டில் மாற்றிச் சொல்லியிருப்பதை அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? இரண்டு வருடம் ஒரு மனிதனைப் பயத்திலேயே வைத்திருந்தானே, அதையும் சேர்த்து எழுதுங்கள்.