அறுபத்தெட்டாம் மாடி

— ஓடுறதுக்கு இனி இடமில்லை, கொன்ஸ்ரன்ரைன். நறுவிலிக்குளத்திலை போய் ஒளிச்சா மில்ரனுக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?

— மடு மாதாவாணை, மில்ரன் அண்ணை, ரஷ்யாவுக்கு ஆள் அனுப்பினது மட்டும்தான் நான். எமில் விழுந்ததுக்கு நான் என்ன செய்ய?

— என்ரை தம்பியைப் பெட்டியிலை அடைச்சு அனுப்பினாங்கள், விளங்குதோ? மூடியைத் திறக்கவும் விடேல்லை. பிரான்சிஸ்கா, இவன்ரை கையை அமத்திப் பிடி!

— பிடிச்சிருக்கிறன், அத்தான். வெட்ட முதல் ஒண்டு கேக்கவேணும். என்ரை மனுசனுக்கு அங்கை கயிறு குடுத்தவங்களோ, இல்லையோ?

— குடுத்தவங்கள், தங்கச்சி! ஐரோப்பாவிலையே உசந்த கந்தோர்க் கட்டடமாம். அறுபத்தெட்டாம் மாடியிலை கயிறில்லாமல் கண்ணாடி பூட்ட விடுவாங்களோ?

— பழங்கயிறு! அறுந்துபோன கயிறு!

— ஐயோ! அண்ணை! என்ரை விரல்! அம்மா!

— ஒண்டுதான் போனது. மிச்சத்துக்கு உண்மையைச் சொல்லு.

— அறேல்லை! போனிலை படம் கிடக்கு, பாருங்கோ. கயிறு முழுசாக் கிடக்கு. கொழுக்கியும் உடையேல்லை.

— அப்ப என்னெண்டு விழுந்தவர்?

— கொழுக்கியை அவன் மாட்டேல்லை, தங்கச்சி. சிக்கினா கழட்ட ஏலாதெண்டு பயம். கயிற்றை இடுப்பிலை தானே முடிஞ்சவன். இஞ்சை சங்கு குளிக்கேக்கை போடுற முடிச்சு.

— பொய்! வாயைக் கிழிப்பன்!

— அத்தான், கத்தியைக் கீழை வையுங்கோ. அவர் சொல்லட்டும்.

— கடலுக்கடியிலை கயிறு கல்லிலை மாட்டினா, நுனியைப் பிடிச்சு ஒரு இழுவை. கழண்டிடும், ஆள் மேலை வந்திடலாம். அங்கை அடிச்ச காத்திலை நுனி கம்பியிலை கொழுவி இழுபட்டிருக்கு. கூட நிண்டவங்கள் கத்தினவங்களாம், கொழுக்கியைப் போடு எண்டு. ‘இது என்ரை அண்ணன் காட்டின முடிச்சு, விடாது’ எண்டு சிரிச்சவனாம்.

— பிரான்சிஸ்கா... அது கடலுக்கை உயிர் காக்கிற முடிச்சு. மூண்டு தரம் அவனைக் காப்பாத்தினது. நான் அவனுக்கு நல்லதுதான் செய்தனான்.

— கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, இந்தச் சீலையாலை கையைச் சுத்திக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.

— பிள்ளை, கத்தியை ஏன் எடுக்கிறாய்?

— எந்தக் கையாலை படிப்பிச்சனீங்கள், அத்தான்?