ஆருத்ரா அன்று வந்த போன்

"நடராஜர்தான் மாமா என் பேங்க் பணத்தைக் காப்பாத்துனாரு!"

ஆருத்ரா தரிசனத்துக்கு மறுநாள், சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் என் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் இருந்த அவள் மாமா சிரித்தார்.

"அவரு எப்பம்மா பேங்குக்கு வந்தாரு?"

"கேளுங்க மாமா. நேத்து கோயில் கூட்டத்துல நிக்கிறேன், ஒருத்தன் போன் பண்றான். மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸாம். 'நெல்லு முழுகுனதுக்கு நிவாரணம் வந்திருக்கு, போன்ல வந்த ஓடிபியைச் சொல்லு'ங்கிறான்."

"சொல்லிட்டியா?"

"நிவாரணத்துக்கு இ-சேவை மையத்துல மனு குடுத்தவளாச்சே, நம்பி நம்பரைச் சொல்ல வாயைத் தொறந்துட்டேன். அப்பப் பாத்து கோயில் மணி அடிச்சுது. 'ஆருத்ராவுக்கு எங்க ஜில்லாவுக்கே லீவாச்சே, நீ எந்த ஆபீஸ்ல உக்காந்திருக்க?'ன்னு கேட்டேன். கட் பண்ணிட்டு ஓடிட்டான்!"

"அடி சக்க!"

"விடுவனா? சைபர் கிரைமுக்கும் புகார் குடுத்துட்டேன்."

என் கைகள் தாமாகவே குவிந்தன. மாமா விடவில்லை.

"மத்த நாள்ல கூப்பிட்டிருந்தா?"

"ஓடிபி கேக்குறவன் எவனா இருந்தாலும் திருடன்தான்னு காட்டிக் குடுத்துட்டாரே மாமா. தெனமும் எனக்காக அவரு மணியடிச்சிட்டிருப்பாரா? இனிமே நான் பாத்துக்குறேன்."