இரண்டு பேருக்கான கூடாரம்

கூடாரம் வாங்கும்போது ‘இரண்டு பேர் தங்கலாம்’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். ஒரு ஆளும் அவன் பையும் தங்கலாம், அவ்வளவுதான். இணையத்தில் துழாவித் துழாவி நான் தெரிந்துகொண்டவற்றில் இதுவும் ஒன்று.

என் பெயர் ஸ்டீவன். தேனி கடைவீதியில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஈஸ்வரபாண்டிக்கு உத்தமபாளையம் பக்கம் திராட்சைத் தோட்டம். கல்லூரியிலிருந்தே நண்பர்கள். இங்கிலாந்துப் பக்கம் ஐல் ஆஃப் மேன் என்று கடலுக்கு நடுவே ஒரு தீவு. வருடம் ஒருமுறை ஊர்ச் சாலைகளை அடைத்துவிட்டு, வீட்டுச் சுவர்களை உரசுகிற மாதிரி அங்கே பைக் பந்தயம் விடுவார்கள். பக்கத்துப் புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கிப் பார்க்கலாம். இதையெல்லாம் அவனுக்குக் காட்டியதே நான்தான். எங்கே படகு ஏறுவது, எந்தத் திருப்பத்தில் உட்காருவது, மழைக்கு என்ன எடுத்துப்போவது, அத்தனையும் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வேறு ஒரு மண்ணும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போடிமெட்டு மலைச் சாலையில் அவன் வேகமாக ஓட்டிப் பழகுவான். கண்ணுக்கு மறைவான ஒரு கொண்டை ஊசி வளைவில், இரண்டு பக்கமும் தெரிகிற பாறை மேல் நான் நிற்பேன். அந்தத் தீவில் கொடி காட்ட ஆட்கள் உண்டு. எங்களுக்கு என் சிவப்புத் தேங்காய்ப்பூத் துண்டு. துண்டைத் தூக்கினால் சாலை காலி, தொங்கவிட்டால் எதிரே வண்டி. அவன் சைலன்ஸர் போடுகிற சத்தத்தில் ஹாரன் எதுவும் அவனுக்குக் கேட்காது. துண்டைத்தான் பார்ப்பான். அத்தனை ஞாயிறுகளிலும் அவன் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. நான் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவன்.

அந்தத் தீவுக்குப் போக இருவருக்கும் விசா கிடைத்த வாரம் டீக்கடையில் வைத்துச் சொன்னான்.

“மாப்ள, ஹேமாவும் வரணுங்குறா. டென்டுல ரெண்டு பேருக்குத்தான எடம். நீ அடுத்த வருசம் போய்க்கடா.”

“இன்னொரு டென்டு போட்டுக்குவோம்டா.”

“புருசன் பொண்டாட்டி போற எடத்துல நீ எதுக்குடா?” என்று சிரித்தான். வடையைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தான்.

அதைத் தின்று முடித்தேன். கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை. ஞாயிறு வரை நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள், முதல் நடையை இறக்கிவிட்டு அடுத்த நடைக்காக வேகமாகக் கீழே வரும். அன்று அவன் கீழேயிருந்து ஏறி வந்தான். மேலேயிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது. உள்ளே டிரைவரைத் தவிர யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் துண்டைத் தூக்கினேன். தோட்டத்துப் பெண்கள் யாராவது இருந்திருந்தால் தூக்கியிருக்க மாட்டேன். அடுத்த ஜீப் வரும்வரை பொறுத்திருப்பேன்.

மோதிய இடத்துக்கு நான்தான் முதலில் ஓடினேன். ஈஸ்வரபாண்டி என் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அதே துண்டால்தான் அவன் காயத்தைக் கட்டினேன்.

ஜீப் டிரைவர் கருத்தக்கண்ணன், ஹாரன் அடித்தேன் என்று போலீஸில் அழுதான். அடிக்கவில்லை என்று நான் சொன்னேன். அவனும் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாம்.

ஈஸ்வரபாண்டிக்கு இப்போது கண்ணைத் தவிர எதுவும் அசையாது. பேச்சும் போய்விட்டது. நினைவு மட்டும் முழுசாக இருக்கிறது என்றார் டாக்டர். ஒருமுறை கண்ணை மூடினால் ஆமாம், இரண்டுமுறை மூடினால் இல்லை. ஹேமாவதி கேட்கிற கேள்விக்கு மட்டும்தான் அவனால் பதில் சொல்ல முடியும். எதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

கடையைச் சாத்திவிட்டுத் தினமும் போகிறேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் கூடாரங்களையும் தீவின் படத்தையும் காட்டுகிறேன். அவன் இரண்டு இரண்டு தடவையாகக் கண்ணை மூடிக்கொண்டே இருப்பான்.

“என்னங்க, தண்ணியா? கொசு கடிக்கிதா?” என்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். “என்ன சொல்றாகண்ணே?”

“இந்த டென்டு வேணாங்குறான்மா. வேற காட்டச் சொல்றான்.”

“நீங்க வந்தாத்தாண்ணே அவுக இம்புட்டுப் பேசுறாக.”

போன வாரம் அவளே அவனிடம் கேட்டாள். “அண்ணனாச்சும் போயிட்டு வரட்டும். சரிதானங்க?”

இரண்டுமுறை மூடினான். மறுபடியும் இரண்டுமுறை. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தெனமும் வந்து ஒங்ககூட ஒக்காந்திருக்காக. அவுக போறதுல ஒங்களுக்கு அம்புட்டுப் பொறாமையா?”

அவன் படுக்கையில் விழுந்த பிறகு அவள் அவனைத் திட்டியது அதுதான் முதல்முறை. “விடும்மா, பாவம்” என்று நான்தான் தடுத்தேன். எனக்கு மனசு லேசாக இருந்தது. அன்றே டிக்கெட் போட்டேன்.

அங்கிருந்து தினமும் வீடியோவில் கூப்பிட்டு முழுப் பந்தயத்தையும் அவனுக்குக் காட்டப் போகிறேன். ஹேமாவதி போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள். ஒரு நண்பனுக்கு இதற்கு மேல் யார் செய்வார்கள்? அவனால் முகத்தைத் திருப்ப முடியாது. பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டால், அவள் அதை ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வாள்.